அசையாமல் உட்கார்ந்தால் சாப்பிட்ட சர்க்கரை எங்கே போகும்?

எங்கள் தெருமுனையில் ஒரு தையல் கடை இருக்கிறது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பழைய வீட்டின் திண்ணையைப் பலகையால் அடைத்து எடுத்த இடம். அண்ணன் அங்கே முப்பது வருடத்துக்கும் மேலாகத் தைக்கிறார். ஆரம்பத்தில் அவரிடம் இருந்தது காலால் மிதிக்கும் மெஷின். பள்ளிக்கூடம் போகும் வயதில் அந்தத் திண்ணையோரம் நின்று வேடிக்கை பார்ப்பேன். துணி ஓடுவதைவிட அவர் கால் ஓடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி ஏறி இறங்கும். மடித்துக் கட்டிய லுங்கிக்குக் கீழே கெண்டைக்கால் சதை இறுகி இறுகித் தளரும். ஏழெட்டு வருடத்துக்கு முன் அதே மெஷினில் ஒரு சின்ன மோட்டாரை மாட்டினார். ஜூன் மாதம் பள்ளிச் சீருடை குவியும்போது வேலை சீக்கிரம் முடிய வேண்டும், முழங்காலும் வலிக்கிறது என்று காரணம் சொன்னார். இப்போது கால் நுனியால் லேசாக அழுத்தினால் போதும், மெஷின் தானாக ஓடுகிறது.

போன வருடம் அவருக்குச் சுகர் இருப்பது தெரியவந்தது. உட்கார்ந்தே இருப்பதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "முன்னாடியும் உட்கார்ந்துதான் தைச்சேன் தம்பி. இப்பவும் உட்கார்ந்துதான் தைக்கிறேன். அப்ப வராத சுகர் இப்ப மட்டும் எப்படி வரும்?"

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய அப்பாவுக்கும் சுகர் இருந்தது. மோட்டாரால்தான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அவர் கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. உட்காருவது என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதற்குள் இரண்டு நிலைமைகள் இருக்கின்றன. மிதி மெஷினில் உட்கார்ந்திருந்தவரின் கெண்டைக்கால் காலை முதல் சாயங்காலம் வரை உழைத்தது. மோட்டார் வந்தபின் அந்த உழைப்பு நின்றுவிட்டது. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ரத்தத்துக்கு ஒன்றல்ல. ஆய்வாளர்கள் கடந்த இருபது வருடங்களாகத் துருவித் துருவிப் பார்ப்பது இந்த நின்றுபோன உழைப்பைத்தான்.

சோற்றிலிருந்து தொடங்கினால் எளிதாகப் புரியும். ஓர் ஆளின் ரத்தம் முழுவதிலும் சாதாரண நேரத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே 4 அல்லது 5 கிராம்தான். ஒரு டீஸ்பூன் அளவு. மதியம் தட்டில் விழும் சோறு 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் மட்டும் 70 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும். குடலில் உடைந்து குளுக்கோஸாகி, அடுத்த சில மணி நேரத்துக்குள் அது ரத்தத்துக்கு வந்து சேர வேண்டும். ஒரு டீஸ்பூன் இருக்கிற இடத்துக்குப் பதினான்கு டீஸ்பூன் வருகிறது. வரவர அள்ளிக்கொண்டு போக ஆள் இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரை எகிறிவிடும். ஈரல் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, மூளை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி தசைகளின் பொறுப்பு. உடம்பில் சர்க்கரைக்கு இருக்கும் மிகப்பெரிய கிடங்கு நம்முடைய தொடையும் கெண்டைக்காலும் போன்ற எலும்புத் தசைகள்தான்.

அந்தக் கிடங்குக்குச் சர்க்கரை நுழைய இரண்டு வழி உண்டு. முதல் வழியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் வந்து தட்டியதும் தசையணுவுக்குள் பதுங்கியிருக்கும் க்ளூட்-4 என்ற கடத்திப் புரதங்கள் அணுவின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. இரண்டாவது வழியைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் வந்து தட்டாமலே, அதே க்ளூட்-4 மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத தசையிலும், அதாவது டைப் 2 சர்க்கரை நோயாளியின் தசையிலும், இந்த இரண்டாவது வழி பெரும்பாலும் திறந்தேதான் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் நம்பிக்கை தரும் உண்மை இதுதான். முன்வாசல் துருப்பிடித்துக் கிடக்கும் வீட்டில் கொல்லைப்புற வாசல் நன்றாகத் திறக்கிறது, திறக்கக் கொஞ்சம் நடந்தால் போதும்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை அசைக்காமல் வைத்தால் கொல்லை வாசல் மூடிக்கொள்கிறது. எல்லாச் சுமையும் இன்சுலின் மேல் விழுகிறது. கணையம் அதிகமாகச் சுரந்து சமாளிக்கிறது. இளம் வயதில் அது தெரியாமலே நடந்துகொண்டிருக்கும், பரிசோதனையில் சர்க்கரை 'நார்மல்' என்றுதான் வரும். பின்னால் நடக்கும் கூடுதல் உழைப்பை அந்தச் சீட்டு காட்டாது.

இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், ஒரே நாள் போதும் என்கிறது 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. பருமன் இல்லாத, நல்ல உடல் தகுதியுள்ள 14 இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஒரு நாள் முழுக்க, ஏறத்தாழ 17 மணி நேரம், உட்கார வைத்தார்கள். அதிகம் எழுந்து நடமாடிய நாளோடு ஒப்பிட்டால் இன்சுலினின் செயல்திறன் 39 சதவீதம் குறைந்திருந்தது. சரி, உட்கார்ந்திருக்கும்போது செலவு குறைவு, அதற்கேற்பச் சாப்பாட்டைக் குறைத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தார்கள். அப்போதும் 18 சதவீதம் குறைந்தது. சாப்பாட்டைக் குறைத்து முழுக்கணக்கையும் சரிக்கட்ட முடியவில்லை.

சர்க்கரையைப் போலவே கொழுப்புக்கும் ஒரு கதை உண்டு. சாப்பிட்ட எண்ணெயும் நெய்யும் டிரைகிளிசரைடாக ரத்தத்தில் மிதந்து வரும். தசைகளை ஒட்டிய நுண்குழாய்களின் சுவரில் லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்று ஒரு நொதி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் மிதந்து வரும் கொழுப்பை உடைத்துத் தசைக்குள் அனுப்பும். அமெரிக்க ஆய்வாளர் மார்க் ஹாமில்டனும் அவருடன் பணியாற்றியவரும் 2003இல் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். பின்னங்கால்கள் தரையில் ஊன்றாதபடி எலியை வைத்திருந்தபோது, நாள் முழுக்க உடம்பைத் தாங்கும் சிவப்புத் தசைகளில் அந்த நொதியின் வேலை ஒரு நாளுக்குள் பெருமளவு குறைந்துபோனது. மெதுவாக நடக்கவிட்டதும் மீண்டது. ஓடவைக்க வேண்டிய தேவையே இல்லை. எலிக்கு நடந்ததை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனாலும் உடற்பயிற்சி செய்யாமல் இருப்பது வேறு, அசையாமல் இருப்பது வேறு, இரண்டுக்கும் உடம்பு தனித்தனியாகப் பதில் சொல்கிறது என்ற எண்ணம் பலமாக வேரூன்றியது இந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான்.

ரத்தக் குழாயும் சும்மா இருப்பதில்லை. முழங்காலில் மடங்கி, கெண்டைக்கால் பம்ப் செய்யாமல் கிடக்கும்போது கால்களில் ரத்த ஓட்டம் மந்தமாகிறது. மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தாலே கால் தமனிகளின் விரிந்து கொடுக்கும் தன்மை குறைவதை அளந்திருக்கிறார்கள். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்தவர்களுக்கு அது குறையவில்லை. நீண்ட ரயில் பயணம் முடிந்து இறங்கும்போது செருப்பு இறுகிப் பிடிக்கிறதே, அதை அனுபவிக்காதவர் யார்?

தையல்கார அண்ணனிடம் திரும்பி வருகிறேன். கெண்டைக்காலில் மேலே தெரியும் சதைக்கு அடியில், தட்டையாக, சோலியஸ் என்றொரு தசை இருக்கிறது. உடம்பு எடையில் ஒரு சதவீதம்தான் அதன் பங்கு. ஆனால் களைக்காமல் மணிக்கணக்கில் உழைக்கும் தன்மை கொண்டது. 2022இல் அதே ஹாமில்டன் குழு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே முன்பாதம் தரையில் இருக்க, குதிகாலை மட்டும் தூக்கித் தூக்கி இறக்கும் அசைவை ஆராய்ந்து வெளியிட்டது. குளுக்கோஸ் பானம் குடித்தபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, தேவைப்பட்ட இன்சுலின் 60 சதவீதம் குறைந்தது என்று அறிவித்தார்கள். படித்ததும் எனக்கு அந்தத் திண்ணையில் ஏறி இறங்கிய கால்தான் ஞாபகம் வந்தது. அந்த அசைவுக்கும் மிதி மெஷின் அசைவுக்கும் வித்தியாசங்கள் உண்டு, இருந்தாலும் உறவு தெரிகிறது. இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்தாக வேண்டும். அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் சிலரே. தசையின் மின்னசைவை அளக்கும் கருவியோடு முறையாகப் பழக்கப்பட்டு, நான்கரை மணி நேரம் அதைச் செய்தார்கள். டிவி பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் காலை ஆட்டினால் சுகர் பாதியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம்.

இத்தனையும் ஆய்வுக்கூடத்துக்குள் நடந்தவை. வெளியே, வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு மிகப் பழைய சான்று லண்டன் பேருந்துகளிலிருந்து வருகிறது. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் 31,000 பேரின் இதய நோய்ப் பதிவுகளை ஆராய்ந்தார். இரட்டை மாடிப் பேருந்துகள் ஓடிய காலம். ஓட்டுநர் பணி நேரத்தில் 90 சதவீதம் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளில் 500 முதல் 750 படிகள்வரை ஏறுவார். இருவரும் ஒரே வர்க்கம், ஏறக்குறைய ஒரே வருமானம், ஒரே நகரத்துக் காற்று. 1953இல் முடிவுகள் வெளிவந்தபோது, இதய நோய் ஓட்டுநர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 2.7 பேருக்கும், நடத்துநர்களில் 1.9 பேருக்கும் வந்திருந்தது. நடத்துநர்களுக்கு வந்தாலும் உடனே உயிரைப் பறிப்பது குறைவாக இருந்தது.

மோரிஸிடம் எனக்குப் பிடித்தது அவர் இதோடு நிறுத்தவில்லை என்பது. ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே வேறு மாதிரி ஆட்களாக இருந்திருந்தால்? அவரும் உடன் பணியாற்றியவர்களும் சீருடைக் கணக்கை எடுத்தார்கள். நிறுவனம் தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவுகள் பதிவேட்டில் இருந்தன. ஓட்டுநர்கள் இளம் வயதிலேயே நடத்துநர்களைவிடப் பெருத்த இடுப்போடு இருந்தது 1956இல் தெரியவந்தது. ஆக, வித்தியாசம் முழுவதும் நாற்காலியின் குற்றமல்ல, ஒரு பகுதி ஆளையே சேர்ந்தது. ஆனால் பின்னர் ஒல்லியான ஓட்டுநரை ஒல்லியான நடத்துநரோடும் பருமனானவரைப் பருமனானவரோடும் வைத்துப் பார்த்தபோதும் ஓட்டுநர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது. தன் முடிவைத் தானே சந்தேகித்து ஒரு தையல் பதிவேட்டைப் புரட்டிய அந்தப் பொறுமைதான் இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டது. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

நம் ஊர்ப் பேருந்துகளை நினைத்துப் பாருங்கள். மதுரையிலும் கோவையிலும் நகரப் பேருந்து நடத்துநர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னும் பின்னும் போய்வருவார். சென்னையில் நடத்துநர் பெரும்பாலும் தன் இருக்கையிலேயே இருப்பார், காசும் டிக்கெட்டும் கைமாறிக் கைமாறிப் பயணம் செய்யும். ஒரே வேலை, ஒரே சம்பளப் பட்டியல், உடம்புக்கு மட்டும் வேறு வேறு நாள். நம்மில் யாராவது இதை அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

உட்கார்ந்தால் பசியும் குறைந்துவிடும், அதனால் சமமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்குக் கொல்கத்தா அருகே உள்ள ஒரு சணல் ஆலை பதில் வைத்திருக்கிறது. ஊட்டச்சத்து ஆய்வாளர் ழான் மேயரும் இந்திய ஆய்வாளர்களும் அங்கே 213 பேரின் சாப்பாட்டையும் எடையையும் கணக்கெடுத்து 1956இல் வெளியிட்டார்கள். மூட்டை தூக்குபவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஓரளவு உழைப்பவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், எடையும் குறைவு. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்களும் மேற்பார்வைக்காரர்களும் மறுபடி அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்கே அதிகம். அசைவு ஓர் அளவுக்குக் கீழே போனதும் பசிக்கு உழைப்போடு இருந்த கணக்கு அறுந்துவிடுகிறது.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கேள்வி. "நான்தான் காலையில ஒரு மணி நேரம் நடக்கிறேனே, அது போதாதா?"

பெரிய அளவில் பார்த்தால் அந்த நடை வீண்போவதில்லை. 2016இல் உல்ஃப் எக்கலுண்ட் தலைமையில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தினமும் 60 முதல் 75 நிமிடம்வரை விறுவிறுப்பான நடை போன்ற உழைப்பு உள்ளவர்களிடம், எட்டு மணி நேரம் உட்கார்வதோடு வரும் கூடுதல் மரண ஆபத்து காணாமல் போயிருந்தது. அதே ஆய்வில், ஐந்து மணி நேரத்துக்கு மேல் டிவி முன் இருப்பவர்களுக்கு அந்த நடையும் முழுக் காப்பு தரவில்லை. டிவி முன் உட்காருவது பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிறது, கையில் நொறுக்குத் தீனியும் இருக்கும், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வளர்சிதை மாற்றம், அதாவது சாப்பிட்டதை உடம்பு கையாளும் விதம், என்று நெருங்கிப் பார்த்தால் கணக்கு இன்னும் கண்டிப்பாக இருக்கிறது. டெக்சாஸில் எட்வர்ட் காயிலின் ஆய்வுக்கூடத்தில், நாளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, 4,000 காலடிக்கும் குறைவாக நடந்து, நான்கு நாட்களைக் கழித்தவர்களை நான்காம் நாள் ஒரு மணி நேரம் ஓடவைத்தார்கள். மறுநாள் கொழுப்பு நிறைந்த உணவு கொடுத்தபோது, வழக்கமாக ஓட்டத்துக்குப் பின் குறைய வேண்டிய டிரைகிளிசரைடு குறையவே இல்லை. நாள் முழுக்க அசையாத உடம்பு, செய்த உடற்பயிற்சியின் பலனையே வாங்க மறுத்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் காலையில் வியர்க்க நடந்துவிட்டு மிச்ச நாளைத் திரை முன் வைத்துப் பூட்டிக்கொள்ளும் என்னைப் போன்றவர்களுக்கு அது நேரடியாகச் சொல்லப்பட்ட செய்தி. என் டிரைகிளிசரைடு சீட்டில் சிவப்புக் கோடு விழுந்தபோது நான் தினமும் நடந்துகொண்டுதான் இருந்தேன். மணிக்கணக்கில் எழாமல் பக்கங்களைப் பிழை திருத்துவது என் தொழில்.

அப்படியானால் எப்போது எழ வேண்டும்? மெல்பர்னின் பேக்கர் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் டன்ஸ்டனும் குழுவினரும் எடை கூடுதலான 19 பேரை வெவ்வேறு நாட்களில் சோதித்தார்கள். ஒரு நாள், சர்க்கரையும் கொழுப்பும் கலந்த பானம் குடித்துவிட்டு ஐந்து மணி நேரம் ஒரேயடியாக உட்கார்ந்திருந்தார்கள். வேறொரு நாள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டே நிமிடம் மெதுவாக நடந்தார்கள். 2012இல் வெளியான முடிவு: மெது நடை நாளில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் 24 சதவீதம் குறைவு, சற்று வேகமாக நடந்த நாளில் 30 சதவீதம் குறைவு. இரண்டு வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2023இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கீத் டியாஸ் குழு 11 பேரிடம் பல அளவுகளை ஒப்பிட்டது. அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிட மெது நடை, சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏற்றத்தை 58 சதவீதம் குறைத்தது. ரத்த அழுத்தம் எல்லா இடைவேளைகளிலுமே 4, 5 புள்ளி இறங்கியது.

வேகம் முக்கியமில்லை, அடிக்கடி எழுவதுதான் முக்கியம் என்பது நம் வைத்திய மரபுக்குப் புதிதல்ல. உண்டபின் குறுநடை என்று ஒரு பழைய வழக்கம் நம்மிடம் இருக்கிறது. குறுநடை என்ற சொல்லே எவ்வளவு பொருத்தம்! வேர்க்கத் தேவையில்லை, ஷூ மாட்டத் தேவையில்லை, தெருக்கோடி வரை போய் வந்தால் போதும். 2013இல் வாஷிங்டனில் அறுபது வயதைக் கடந்த, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த பத்துப் பேரிடம் செய்த ஆய்வில், ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையைக் குறைப்பதில் மொத்தமாக 45 நிமிடம் நடந்ததைவிட மேலாக இருந்தது. உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்பது உண்மைதான். அந்தக் களைப்பு வந்து சாய்வதற்கு முந்தைய பத்து நிமிடம்தான் தசைக்கு மிகவும் உபயோகப்படும் நேரம். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த நடையை மருந்துக்கு மாற்றாக நினைத்துவிடக் கூடாது, சர்க்கரை தாழ்நிலைக்குப் போகும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் உலகத்துக்குப் பொது. நமக்குத் தனியாக ஒன்று இருக்கிறது, அதை நினைத்தால்தான் எனக்குக் கவலை கூடுகிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவர் படத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியான கைகால், உள்ளே கொழுப்பு, குறைவான தசை என்பது தெற்காசிய உடம்பின் பொதுவான அமைப்பு. சர்க்கரைக்கான கிடங்கே நமக்குச் சின்னது. சின்னக் கிடங்கைப் பூட்டியும் வைத்தால்? அதோடு சோறும் இட்லியும் தோசையுமாக வரும் சரக்கு அதிகம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று மதிப்பிட்டது. சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய அதே ஆய்வின் முந்தைய கட்டத்தில், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில், 54.4 சதவீதம் பேர் போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள் என்று தெரிந்தது. நல்ல செய்தியும் சென்னையிலிருந்தே வந்தது. மருத்துவர் ராமச்சந்திரன் குழு 2006இல் காட்டியபடி, சர்க்கரை வாசலில் நின்றவர்கள் சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் மாற்றியபோது நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பலனுக்கு அது எந்த வகையிலும் குறையவில்லை.

உட்காருவது புகைபிடிப்பதற்குச் சமம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அது சரியல்ல. புகையிலையின் கேடு பல மடங்கு பெரிது, இரண்டையும் ஒன்றாக்கினால் புகைப்பவருக்குத்தான் சமாதானம் கிடைக்கும். நின்றுகொண்டே வேலை செய்யும் உயர மேசை வாங்கினால் எல்லாம் சரியாகும் என்பதும் அப்படித்தான். நிற்பதால் மணிக்கு 9 கலோரி அளவுக்குத்தான் கூடுதலாகச் செலவாகிறது.

நாள் முழுக்க நிற்க வைக்கப்பட்டவர்களின் கதையை நாம் நன்றாக அறிவோம். ஜவுளிக்கடையில் படி ஏறும்போதே "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க" என்று கூப்பிடும் பெண்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றே கழித்தார்கள். கூட்டம் இல்லாத நேரத்திலும் உட்கார ஒரு முக்காலி கிடையாது. காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொள்ளும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,300க்கும் மேற்பட்டவர்களை 12 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பெரும்பாலும் நின்று செய்யும் வேலைக்காரர்களுக்கு இதய நோய் ஆபத்து, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் போல இரு மடங்கு இருந்தது. கேரளம் 2018இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைக் கொடுத்தது. தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்றது. எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடிக்கும். உடம்பு ஒரே நிலையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதை ஒப்புக்கொண்ட சட்டம் அது.

தான்சானியாவின் ஹாட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள். அவர்களும் நாளுக்கு ஏறக்குறைய 10 மணி நேரம் ஓய்வாக இருக்கிறார்கள் என்று 2020இல் ஓர் ஆய்வு சொன்னது. நாற்காலிக்காரர்களின் அளவேதான். ஆனால் அவர்கள் ஓய்வில் கணிசமான பகுதி குத்தவைத்தும் மண்டியிட்டும் கழிகிறது. குத்தவைக்கும்போது கால் தசைகள் வேலை செய்துகொண்டே இருக்கும். நம் பாட்டிகள் குத்தவைத்து வெற்றிலை இடித்ததும் முருங்கைக்கீரை ஆய்ந்ததும் அப்படித்தான். முழங்கால் ஒத்துழைக்காத வயதில் யாரையும் தரையில் உட்காரச் சொல்லி வற்புறுத்த மாட்டேன், ஆனால் கையூன்றித் தரையிலிருந்து எழுவதே ஒரு சின்ன உடற்பயிற்சிதான்.

என் மேசையில் இப்போது தண்ணீர் பாட்டில் இல்லை. அடுப்படியில் பானையும் ஒரு சின்ன டம்ளரும் இருக்கின்றன. தாகம் எடுக்கும்போதெல்லாம் எழுந்து போகிறேன். போன் வந்தால் நடந்துகொண்டே பேசுகிறேன். முன்பு அலுவலகத்தில் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் நாலு பேர் சேர்ந்து முக்குக்கடைக்கு டீ குடிக்கப் போவோம். அப்புறம் டீ மேசைக்கே வரத் தொடங்கியது, வசதி என்று சந்தோஷப்பட்டோம். அந்த முக்குக்கடை நடைதான் எங்கள் கெண்டைக்காலுக்குக் கிடைத்துவந்த வேலை என்று அப்போது தெரியவில்லை.

இப்படியெல்லாம் செய்துகொள்ள எனக்கு முடிகிறது, என்னை யாரும் தடுப்பதில்லை. தையல்கார அண்ணனும் இப்போது ஒவ்வொரு சட்டை முடிந்ததும் எழுந்து, காஜா போடும் கடைக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார். முன்பு சேர்த்துவைத்துப் பையனிடம் கொடுத்தனுப்புவார். கடை அவருடையது, நேரமும் அவருடையது.

அவருடைய தங்கை மகள் வேலை செய்வது ஓர் ஏற்றுமதித் துணி ஆலையில். அங்கேயும் மோட்டார் மெஷின்தான், ஆனால் வரிசையில் ஐம்பது மெஷின். முன்னால் இருப்பவர் தைத்து நகர்த்தும் துண்டு இவள் முன்னால் குவியும், குவிந்தால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு. கழிவறைக்குப் போக அடிக்கடி எழுந்தால் பேச்சு வாங்க வேண்டும் என்பதால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். "மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் மாமா, கை கழுவ வரிசையில நிக்கிறதுதான் எனக்கு நடை" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். வயது இருபத்தாறு. உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிய மாநிலத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து நடக்கும் உரிமையை அவளுக்கு எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று அண்ணன் என்னைக் கேட்டார்.